மாரீஸ்வரி வாங்காத பெட்டி

2017 ஜூன் ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு மஸ்கட்டிலிருந்து பம்பாயில் வந்து இறங்கிய மாரீஸ்வரி, பிற்பகல் மூன்று இருபதுக்கு மதுரை விமானம் ஏற வேண்டியிருந்தது. இடையில் கிடைத்த எட்டு மணி நேரத்தில் ஒரு தோல் பெட்டி வாங்கி வரலாம் என்று தாராவிக்குப் போனாள். ஏழு வருஷம் இரண்டு மாதம் அவளால் அங்கிருந்து வெளியே வர முடியவில்லை. யாரும் அவளைக் கட்டி வைக்கவில்லை. கையில் பாஸ்போர்ட், பணம், டிக்கெட் எல்லாம் இருந்தன. எந்தச் சாலையில் போனாலும் அது கடைசியில் சொர்ணம்மாள் கடை இருந்த சந்தில் வந்து முடிந்தது, அவ்வளவுதான்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. உடன்குடிக்காரி. கணவர் ஜெயகணேஷ் மஸ்கட்டில் ரூவி பக்கம் ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார்; பதினான்கு வருஷமாக அவளும் அங்கேதான் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. அரபியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எண்களும், அதிகம், குறை, போகிறேன் என்ற மூன்று சொற்களும்தான். அதை வைத்தே அந்த ஊர் மீன் மார்க்கெட்டில் பெயர் எடுத்திருந்தாள். அவள் தலை தெரிந்தால் நல்ல மீனைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிடுகிற வியாபாரிகள் இருந்தார்கள். சொன்ன விலையில் கால் பங்குக்குக் கேட்டு, பாதிக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால் ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை சங்கரேஸ்வரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற பெட்டி பார்வைக்கு ஆறாயிரம் மதிக்க வேண்டும், வாங்கும்போது இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்ட பெட்டி தாராவியில் கிடைக்கும் என்று மஸ்கட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

பம்பாயை அதுவரை அவள் விமான ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாள். மழை இன்னும் பிடிக்கவில்லை. காற்று ஈரத் துணியைப் போல முகத்தில் ஒட்டியது. விமான நிலையத்தில் சாமான்களை வாங்கி வைத்தவன் கூடுதலாகக் கேட்டான். டாக்ஸிக்காரன் சுற்றிக்கொண்டு போனான். அவனோடு பேசிய பேச்சில் தொண்டை கட்டிவிட்டது. வழி கேட்டபோது இரண்டு பேர் வெவ்வேறு திசையைக் காட்டினார்கள், மூன்றாவது ஆள் நிற்காமலே போனான். இந்த ஊர் முழுக்கத் தன்னை ஏமாற்றத்தான் காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பத்தே கால் மணிக்கு அவள் அந்தக் கடைப் படியில் கால் வைத்தாள்.

கடைக்காரி சொர்ணம்மாள் நாற்பத்தாறு வயதுக்காரி, கணவனை இழந்து ஒன்பது வருஷம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். அவள் பிறந்து வளர்ந்தது அந்தச் சந்தில்தான். கீழே கடை, மேலே பட்டறை. ஆறடி அகலச் சந்து, எதிரே பூட்டிக் கிடந்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி. பைகளையும் பெட்டிகளையும் தானே வெட்டி, தானே தைத்து விற்றாள். வாங்க வருகிறவர்களின் செருப்பைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். அதை வைத்து விலை சொல்லுவாள். மாரீஸ்வரியின் செருப்பைப் பார்த்துவிட்டு ஐயாயிரத்து எழுநூறு என்றாள்.

"ஆயிரத்து முந்நூறு" என்றாள் மாரீஸ்வரி.

"தோலு கேக்கீயளா, அட்ட கேக்கீயளா?"

"ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்மா. நகத்தால ஒரு கீறு கீறுனா தெரிஞ்சிரும்."

"கீறுங்க. கீறுன பெறகு நீங்கதான் எடுத்துட்டுப் போணும்."

பேரம் இரண்டு மணி நேரம் நடந்தது. மாரீஸ்வரி பெட்டியின் ஜிப்பை ஒன்பது முறை திறந்து மூடினாள், எச்சில் தொட்டுத் தேய்த்தாள், முகர்ந்தாள், தையல்களை எண்ணினாள், நான்கு தடவை எழுந்து படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். சொர்ணம்மாள் மூன்று தடவை பெட்டியைத் தூக்கி மேல்தட்டில் வைத்தாள், மூன்று தடவையும் இறக்கினாள். டீ வந்தது, யாரும் குடிக்கவில்லை. கடைசியில் மாரீஸ்வரி கைப்பையைத் தட்டி, "ரெண்டாயிரத்து நூறு. இதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாது" என்றாள். சொர்ணம்மாள் அவளையும் பெட்டியையும் ஒரு முறை பார்த்தாள். "சரி. எடுத்துக்கோங்க."

அந்தச் சரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இன்னும் கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தால் மாரீஸ்வரி பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பாள். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தால் பெட்டி ஆயிரத்து இருநூறுகூடப் பெறாது என்றுதானே ஆகிறது? காலையிலிருந்து சேர்ந்திருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அடியில் வந்து நின்றது. வேண்டாம் என்றாள்.

"வெல சொன்னது நீங்கதான?"

"சொன்னேன். இப்ப வேண்டாங்கேன்."

"சந்தையில பேசுன பேச்சுக்கு ஒரு மரியாத உண்டும்மா."

"செருப்பு தைக்கிற கூட்டத்துக்கு என்ன மரியாத வேண்டிக் கெடக்கு?"

அவள் அதைச் சத்தமாகத்தான் சொன்னாள். மேலே பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மூன்று மெஷின்களும் நின்றன. பக்கத்துப் பட்டறையிலும் நின்றன, அதற்கடுத்ததிலும் நின்றன. சொர்ணம்மாள் பெட்டியை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு, "போ. எங்க போறேன்னு பாப்போம்" என்றாள். அது சாபமா இல்லையா என்பதில் இன்று வரைக்கும் அந்தச் சந்தில் இரண்டு கட்சி இருக்கிறது. வாங்காமல் போகிற எல்லோரிடமும் அவள் அதைத்தான் சொல்லுவாள், அவர்கள் எல்லோரும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு கட்சி.

பன்னிரண்டே காலுக்கு மாரீஸ்வரி டாக்ஸி ஏறினாள். வண்டி நேராகத்தான் போனது, பாலம் ஏறி இறங்கியது, சிக்னலில் நின்றது, கிளம்பி ஒரு வளைவு திரும்பியதும் சொர்ணம்மாள் கடை வாசலில் நின்றது. டிரைவர் இறங்கிச் சுற்றிலும் பார்த்தான். இன்னொரு தடவை முயன்றான். இரண்டாவது தடவையும் அங்கேயே வந்து நின்றதும், "மேடம், டைம் கோட்டி மத் கரோ" என்று, நேரத்தைப் பாழாக்குவதாக அவளைத் திட்டி இறக்கிவிட்டு, காலியாகப் போனான். காலி வண்டி சரியாகப் போய்விட்டது. சயானில் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனான குர்லாவில் இறங்கினாள். குர்லா என்றுதான் பலகையில் எழுதியிருந்தது. கூட்டத்தோடு படியேறி, மறுபக்கம் படியிறங்கினால் கடைசிப் படி அந்தச் சந்தில் இருந்தது. மூன்றாவதாகச் செம்பூர் பஸ்ஸில் ஏறினாள். செம்பூரில் இறங்கி மருந்துக்கடை முனையில் திரும்பினாள். தோலும் பசையும் கலந்த வாடைதான் முதலில் வந்தது, பிறகு கடை தெரிந்தது. சொர்ணம்மாள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மாரீஸ்வரி இரண்டாயிரத்து நூறு ரூபாயை மேஜையில் வைத்தாள்.

"வெல மாறிப் போச்சு" என்றாள் சொர்ணம்மாள்.

"எவ்வளவு?"

"ரூவா வேண்டாம். நீ சொன்னியே ஒரு சொல்லு, அத இந்தச் சந்துல நின்னு, எல்லாரும் கேக்க, தப்புன்னு சொல்லு. பெட்டிய சும்மாவே தாரேன்."

"பெட்டி வாங்கத்தான் வந்தேன். ஒங்கிட்ட புத்தி வாங்க வரல."

மூன்று இருபதுக்கு மதுரை விமானம் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை உடன்குடியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வேறு யாரோ ஒரு துணிப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். போலீஸில் புகார் கொடுக்கப் போனபோது, காணாமல் போனவர் யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். நீ இங்கேதானே இருக்கிறாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான்காம் நாள் ஜெயகணேஷ் வந்து சேர்ந்தார். மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அதே ரயிலில் ஏறி, அதே குர்லா படிகளில் இறங்கினார். கடைசிப் படியில் அவர் குர்லாவில் நின்றார், அவள் தாராவியில் நின்றாள். கையை எப்போது விட்டார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை. மாட்டுங்கா கோயிலில் அர்ச்சனை செய்தார். வைத்தீஸ்வரன் கோயில் பக்கமிருந்து வந்த ஒரு ஜோசியரைக் கூட்டிவந்தார். ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு, கடையை யார் பார்ப்பது என்று மஸ்கட் திரும்பினார். பிறகு முதலில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையும் வந்து போனார். அவர் முதல் தடவை கிளம்பிய நாளில் மாரீஸ்வரி சந்தின் நடுவில் வந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "சொன்னது தப்புதான்" என்றாள். அதற்குள் பெட்டி தாணேக்காரர் ஒருவருக்கு மூவாயிரத்துக்கு விலையாகிவிட்டிருந்தது. சொர்ணம்மாள் உள்ளேயிருந்தபடியே, "யாருக்குச் சொல்லுதே? எனக்கா, ஒம் புருஷன் போற வண்டிக்கா?" என்று கேட்டாள். மாரீஸ்வரி மறுபடியும் ரயில் ஏறிப் பார்த்தாள். படி அங்கேதான் இறங்கியது. அதற்குப் பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பேகம் என்ற கிழவி பைகளுக்கு உள்துணி வெட்டுகிற பட்டறை வைத்திருந்தாள். மாடியில் படுக்க இடம் கொடுத்து, கையில் கத்தரிக்கோலையும் கொடுத்தாள். மாரீஸ்வரி முதல் வருஷம் துணி வெட்டினாள், இரண்டாம் வருஷம் தோல் வெட்டினாள், மூன்றாம் வருஷம் தைத்தாள். உள்ளங்கை காய்ப்புக் காய்த்தது. நகக்கண்ணில் புகுந்த சாயம் குளித்தாலும் போகவில்லை. இரண்டாம் வருஷம் உடன்குடியில் அவளுடைய அப்பா இறந்துபோனார். தூக்கிக்கொண்டு போவதைப் போனில் பார்த்தபடி சந்தில் உட்கார்ந்து அழுதாள். எதிரே சொர்ணம்மாள் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பேகம் போய்க் கேட்டும் அவள் அதை நிறுத்தவில்லை. மாரீஸ்வரி அழுகையை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த கிட்டங்கியின் சொந்தக்காரன் யார் என்று பேகமிடம் விசாரித்தாள்.

அடுத்த மாதமே மஸ்கட் பணத்தில் அந்தக் கிட்டங்கி கடையானது. சொர்ணம்மாள் கடைக்கு நேர் எதிரே, ஆறடித் தூரத்தில், அதே பைகள், அதே பெட்டிகள், ஐம்பது ரூபாய் குறைச்சல். சொர்ணம்மாள் நூறு குறைத்தாள். இவள் நூற்றைம்பது குறைத்தாள். நானூறு ரூபாய் மணிபர்ஸ் இருநூற்று எண்பதுக்கு வந்து, நூற்று எழுபதுக்கு வந்து, தோல் வாங்கின காசுக்கும் கீழே இறங்கியது. சேதி பரவி மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். விமானம் மாற ஐந்தாறு மணி நேரம் இருக்கிற பயணிகள் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் எந்தக் கடைக்குள்ளும் நுழைய மாட்டார்கள். சந்தின் நடுவில் நின்று, "அங்க எரநூறு சொல்றாங்க" என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லுவார்கள். அந்த மழைக்காலத்திலிருந்து இரண்டு கடைகளுக்கும் இடையிலுள்ள ஆறடி நிலத்தில் மட்டும் மழை விழுவது நின்றுபோனது. சந்து முழுக்க முழங்கால் தண்ணீர் ஓடும், அந்த இடத்தில் புழுதி பறக்கும். அங்கே நின்றவர்களுக்குச் சற்று நேரத்தில் தலைவலி வந்தது. இருந்தாலும் மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாததால் நின்றார்கள். வடாபாவ் விற்கிற ஒருவன் அங்கேயே அடுப்பைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டான்.

சொர்ணம்மாளின் ஒரே மகள் ஸ்மிதாவுக்கு 2019 பிப்ரவரியில் கல்யாணம் வந்தது. தாணேயில் மண்டபம். காலை ஆறு மணிக்குப் பெண் வீட்டார் பஸ் சந்து முனையிலிருந்து புறப்பட்டது. மாரீஸ்வரி கடையைத் திறந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது அதே பஸ் அதே முனைக்குத் திரும்பி வந்து நின்றது. மறுபடி போனது. மறுபடி வந்தது. மூன்றாவது முறை வந்தபோது கல்யாணப் பட்டுச்சேலையோடு சொர்ணம்மாள் மட்டும் இறங்கினாள், பஸ் போய்விட்டது, திரும்பி வரவில்லை. அவள் சந்துக்குள் நடந்து வந்ததில் ஆச்சரியத்தின் அடையாளமே இல்லை. அப்போதுதான் மாரீஸ்வரிக்கு விஷயம் விளங்கியது. முட்டிவலி, முட்டிவலி என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருஷமாக இவள் தாராவியைத் தாண்டாமல் இருந்தது முட்டிவலியால் அல்ல. மாரீஸ்வரி பெட்டி வாங்க வந்த அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளே இவளுக்கும் வழி அடைபட்டுவிட்டது, வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

மாரீஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அந்தச் சந்து அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"சிரிட்டி, சிரி. என்னக் கட்டி வச்சிட்டு சிரிக்கியா?" என்று கத்தினாள் சொர்ணம்மாள். பசை டப்பா ஒன்று ஆறடியைத் தாண்டி வந்து மாரீஸ்வரி கடைக் கண்ணாடியில் விழுந்தது.

"நானா கட்டுனேன்? போ, எங்க போறேன்னு பாப்போம்னு சொன்னது யாரு?"

தாலி கட்டுவதைச் சொர்ணம்மாள் கடைக்குள் தனியாக உட்கார்ந்து போனில் பார்த்தாள். எதிர்க்கடையில் அன்று முழுக்க ரேடியோ பாடியது. ஸ்மிதா செம்பூரில் குடித்தனம் போனாள். வாரம் ஒருமுறை வந்து அம்மாவைப் பார்த்துப் போனாள். மகள் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறாள், சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா என்பதெல்லாம் சொர்ணம்மாளுக்குக் காதால் கேட்டதுதான்.

2020இல் கொள்ளைநோய் வந்து, தாராவியைச் சுற்றிக் கட்டைகள் கட்டி அடைத்தார்கள். அந்த மாதங்களில் அங்கிருந்து யாராலும் வெளியே போக முடியவில்லை. மாரீஸ்வரி மூன்று வருஷத்தில் முதல்முறையாக எல்லோரையும் போல இருந்தாள். அக்கம்பக்கத்தார் அவளிடம் வந்து, இப்படி அடைந்து கிடப்பதை எப்படித் தாங்கினாய் என்று யோசனை கேட்டார்கள். எதிரே பார்த்தபடி, வெறுக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவள் பதில் சொன்னாள். பேகம் அந்த வருஷம்தான் போய்ச் சேர்ந்தாள். அவளைக் குளிப்பாட்டக்கூட விடவில்லை. அன்றைக்கு மட்டும் இரண்டு கடையும் அடைத்திருந்தன. மறுநாள் திறந்ததும் மணிபர்ஸ் விலையில் பத்து ரூபாய் குறைந்தது.

2024 ஆகஸ்டில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குச் சொர்ணம்மாள் தைத்துக்கொண்டிருந்த மெஷின் மேலேயே சாய்ந்தாள். அம்மாவைப் பார்க்க வந்திருந்த ஸ்மிதா ஆம்புலன்ஸ் கூப்பிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளை ஏற்றிக்கொண்டு சங்கு ஊதியபடி போன வண்டி, பத்து நிமிஷத்தில் சந்து முனைக்குத் திரும்பி வந்தது. சயான் ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர்தான். இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது சங்கு ஊதுவதை நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் கையைக் குத்தினான். ஸ்மிதா இறங்கி ஓடிவந்து மாரீஸ்வரி கடைப் படியில் நின்றாள். அதுவரைக்கும் அந்தப் படியை அவள் மிதித்ததில்லை.

"ஆன்ட்டி, ப்ளீஸ், பஸ் கரோ, போதும். மம்மிய விட்டுருங்க. என்ன வேணும் சொல்லுங்க, நான் கால்ல விழறேன்."

"நான் பிடிச்சு வச்சிருக்கேன்னா நெனக்க?" என்றாள் மாரீஸ்வரி. வேறு ஏதோ சொல்ல நினைத்தாள், அதுதான் வந்தது. "ஏழு வருஷமா அவதான்மா என்னப் பிடிச்சு வச்சிருக்கா. விடுன்னு அவகிட்ட கேளு."

"மம்மி சொல்றா, நீங்கதான்னு."

தன்னை இழுத்து வருகிற கயிறு எதிர்க்கடையில்தான் இருக்கிறது என்று சொர்ணம்மாள் இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறாள் என்பது மாரீஸ்வரிக்கு உறைத்தது. அவளுக்கு வந்ததை இரக்கம் என்று சொல்ல முடியாது. ஏமாந்துவிட்டோம் என்று தெரியும்போது வருமே, அது. அப்போது திறந்திருந்த வண்டிக் கதவு வழியாக, முகத்தில் மாட்டிய குழாய்க்குள்ளிருந்து சொர்ணம்மாளின் குரல் வந்தது. "அவகிட்ட போய்க் கெஞ்சாதட்டி. சாவுதேன், சாவுறது மேலு."

"யாருகிட்ட கெஞ்சாதன்னு சொல்லுதே?" என்று மாரீஸ்வரி படியிறங்கி வந்தாள். "ஒன் மக என் வாசல்ல நிக்கது ஒனக்குக் கேவலமா? எங்கப்பன் பொணம் போகும்போது பாட்டுப் போட்டியே, அது ஒனக்குக் கேவலமாத் தெரியலயா?" பதில் சரியாகக் கேட்காததால் வண்டிக்குள் ஏறி அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து மிச்சத்தையும் கேட்டாள். ஸ்மிதாவும் பின்னாலேயே ஏறினாள். அதற்கு மேல் பொறுக்க முடியாத டிரைவர் கதவை அடித்துச் சாத்தி வண்டியை எடுத்தான். மாரீஸ்வரி பேசிக்கொண்டே போனாள். மணிபர்ஸ் விலை, பசை டப்பா, உடைந்த கண்ணாடி, தங்கை கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்து, அப்பாவிடம் திரும்ப வந்தபோது வண்டி நின்றது, கதவு திறந்தது, வெளியே ஆஸ்பத்திரி இருந்தது. கிளம்பி ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

சொர்ணம்மாளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மாரீஸ்வரி வராந்தாவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். சயான். ஏழு வருஷத்தில் அவள் கால் நிலைத்து நின்ற முதல் அயலிடம். கைப்பையில் பாஸ்போர்ட் இருந்தது. அதை அவள் எப்போதும் உடம்போடுதான் வைத்திருந்தாள். ஸ்மிதா அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் மாரீஸ்வரி வெளியே வந்து டாக்ஸி பிடித்து, விமான நிலையம் என்றாள். வண்டி தாராவிப் பக்கம் திரும்பவேயில்லை. குர்லா தாண்டியது, விமான நிலையத்தின் வளைந்த பாலம் கண்ணுக்குத் தெரிந்தது, அவள் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பாலத்தில் ஏறி இறங்கிய வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. லிப்ட் அவளைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் ஒரு கண்ணாடிக் கதவும், அதற்கு அந்தப் பக்கம் சொர்ணம்மாளும் இருந்தார்கள்.

வழி அந்தச் சந்துக்குத் திரும்பவில்லை, சொர்ணம்மாளிடம்தான் திரும்பிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. மாரீஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இதயத்துக்குப் போகிற குழாயில் இரண்டு அடைப்பு இருந்தது, எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். சொர்ணம்மாள் கண்ணைத் திறந்ததும் பக்கத்தில் மகளையும், மகளுக்குப் பக்கத்தில் மாரீஸ்வரியையும் பார்த்தாள்.

"இன்னும் போகலயா நீ?"

"போகத்தான் போனேன். ஒங்கிட்டயே கொண்டுவந்து விட்டுட்டான்."

சொர்ணம்மாள் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நா எங்கயாவது போணும்னா ஒன்னயும் கட்டி இழுத்துட்டுப் போணும்" என்றாள்.

"நா மட்டும் என்ன, ஆசப்பட்டா வரப்போறேன்?"

ஸ்மிதா குறுக்கே புகுந்து, டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார் என்றாள். இருவரும் அவள் மேல் பாய்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் செம்பூருக்குப் போனார்கள். ஸ்மிதாவின் வீடு நான்காவது மாடியில் இருந்தது. சமையலறையில் ஜன்னல் இருந்தது, அதன் வழியே தூரத்தில் டிராம்பே ஆலைக் குழாய்களின் புகை தெரிந்தது. சொர்ணம்மாள் ஒவ்வொரு அறையாகச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். குளியலறைக் குழாயைத் திருகி, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாரீஸ்வரி ஹாலில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்ததாக ஸ்மிதா சொல்கிறாள். புகை என்று மாரீஸ்வரி சொல்கிறாள். அங்கே பத்து நாள் இருந்தார்கள். வீட்டு வாடகை அதிகம், ஏமாந்துவிட்டார்கள் என்று மாரீஸ்வரி சொன்னதில் பெரிய சண்டை வந்தது.

டிசம்பரில் மதுரை விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போனார்கள். ஜன்னல் இருக்கை யாருக்கு என்பதில் விமானம் பதினைந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. உடன்குடியில் சங்கரேஸ்வரிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். மூத்தவளுக்குப் பள்ளிக்கூட வயது. சங்கரேஸ்வரி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாரீஸ்வரியின் கை தன் முதுகில் பட்டதும் சற்று விலகி அந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவள் யாரென்று கேட்காமல், உள்ளே வாங்க என்றாள். வந்த இரண்டாம் நாள் உறவுக்காரர் ஒருவர், தோல் வேலைக்காரியை வீட்டுக்குள் எப்படி விட்டீர்கள் என்று முற்றத்தில் நின்று கேட்டார். மாரீஸ்வரி உள்ளேயிருந்து வந்து, "நானும் தோல் வேலைக்காரிதான், வெளிய போகச் சொல்லுதீயளா?" என்றாள். அவர் காப்பியைக் குடிக்காமல் போனார். சொர்ணம்மாள் இதற்கு நன்றி சொல்லவில்லை. இட்லியில் உப்புக் கம்மி என்று சொன்னாள்.

இரண்டு கடைகளும் இன்னும் எதிரும் புதிருமாக இருக்கின்றன, விலை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, நடுவில் மழை விழுவதில்லை. வெளியூர் போவதென்றால் இரண்டையும் ஒரே நாளில் அடைக்கிறார்கள். இந்த வருஷம் மஸ்கட்டில் ஜெயகணேஷின் கடைக்கு இருபத்தைந்தாம் வருஷ பூஜை வந்தது. மாரீஸ்வரி போக வேண்டும், அப்படியென்றால் சொர்ணம்மாளும் போக வேண்டும். மாட்டுங்கா டிராவல்ஸ்காரர் இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்து விண்ணப்பத்தை நிரப்பினார். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதிவிட்டு, கூட வருகிறவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன போடட்டும் என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒண்ணும் கிடையாது என்றார்கள். அவர் அதை அப்படியே எழுதினார். பதினொரு நாளில் விசா வந்தது, இரண்டும் ஒரே உறையில்.